பத்து நிமிடக் காற்று

என் கணவர் இறந்து மூன்று மாதம். "தனியக் கிடந்து அழாதை, ரெண்டு கிழமை இஞ்ச வந்து நில்" என்று அக்கா என்னைக் கிளென்ஃபீல்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இருபது வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு ஒக்லாண்டுக்கு வந்த குடும்பம் அவளுடையது. வீட்டுக்குள் இன்னமும் ஜெர்மன்தான். இங்கே யூலை குளிர்காலம்; அந்தக் குளிரிலும் காலையில் எல்லா யன்னலையும் பத்து நிமிடம் திறந்து வைப்பார்கள். ஜெர்மனியில் சுவர் தடிப்பு, வீடு முழுக்கச் சூடு. இது பலகை வீடு. உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்தான். கோட்டைப் போட்டுக்கொண்டு பாண் சாப்பிட்டோம். பிள்ளைகள் ஜெர்மனில் பகிடி விட்டுச் சிரித்தார்கள். விளங்காமலே நானும் சிரித்தேன்; சிரித்ததற்காக என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு கிழமை முடிய அக்காவே மவுண்ட் ரோஸ்கில்லில் என் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். நான் தேத்தண்ணி போட்டுவிட்டுத் திரும்பினால், படுக்கையறை யன்னல்கள் ஆவென்று திறந்து கிடந்தன. அவர் போனதிலிருந்து நான் திறக்காத யன்னல்கள். அவருடைய வாசம் அந்த அறையில் மட்டும்தான் மிச்சமிருந்தது.

"அடைச்சு வைச்சால் பூஞ்சணம் பிடிக்குமடி" என்றாள் அக்கா.

ஓடிப்போய் மூடினேன். அவருடைய தலையணையை எடுத்து மோந்து பார்த்தேன். ஈரப் புல் மணந்தது.