எட்டுப் பாகம்

காரிலிருந்து இறங்கியதுமே காலடியை எண்ணத் தொடங்கிவிடுவார். படிக்கட்டிலிருந்து பக்கவாட்டுக் கதவுக்குப் பதினொன்று, தாழ்வாரத்தில் இருபத்தாறு, அறைக்குள் ஏழு. உதடு அசையாது. முன்னால் ‘உஸ்’ என்று வழிவிலக்கிப் போகும் டவாலி பொன்னுரங்கத்துக்கு மட்டும் அது தெரியும். நடுவில் யாராவது வணக்கம் வைத்து எண்ணிக்கை தவறிவிட்டால், அன்றைக்கு நாற்காலியில் உட்காரும்போது ஐயாவின் முகம் கொஞ்சம் சுருங்கியிருக்கும்.

நீதிபதி மரியசெல்வத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. திண்டிவனத்துக்கு மேற்கே, கடல் கண்ணில் படாத ஊரில் பிறந்தவர். இருபத்தெட்டு வருடத்தில் பதினோரு ஊர் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கடலூருக்கு வந்து, மஞ்சக்குப்பத்தில் கொலை, கொலைமுயற்சி வழக்குகளை விசாரிக்கிறார். ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார், கல்யாணத்துக்குப் போகமாட்டார். டீக்கடை கிடையாது, சலூன் கிடையாது, முடி வெட்டுபவர் வீட்டுக்கு வருகிறார். ஞாயிறு பூசையில் கடைசி பெஞ்சு. முன்னால் உட்கார்ந்தால் வக்கீல்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், அது சாமிக்கு மரியாதை இல்லை என்பார். பூசை முடிந்து சிதம்பரத்தில் மகள் வீட்டுக்கு பஸ்ஸில் போவார். போன வருடம் கீழ வீதியில் தேர் பார்க்கக் கூட்டத்தோடு நின்றவரை யாரோ ஒரு வக்கீல் அடையாளம் கண்டு, ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டார். இந்த வருடம் மகள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தேரின் கலசம் மட்டும் பார்த்தார்.

நீதிமன்றத்தில் அவர் அதிகம் பேசுவதில்லை. அடிக்கடி சொல்வது ஒன்றுதான். “அது உங்க கருத்து. அவரு என்ன சொன்னாரு?”

கூண்டில் நிற்பவர் தன் பேச்சில் சொல்வதை, நீதிபதி எழுத்துத் தமிழில் திருப்பிச் சொல்ல, தட்டச்சர் அடிப்பார். அதுதான் முறை. மற்ற நீதிபதிகள் மளமளவென்று சொல்லிக்கொண்டே போவார்கள். இவர் தூரம் என்று வந்தால் நின்றுவிடுவார். “இங்கேருந்து அந்தக் கதவு மட்டும்” என்று சாட்சி கை நீட்டினால், பொன்னுரங்கத்தின் சட்டைப் பையிலிருந்து இரும்பு டேப் வெளியே வரும். அளந்த பிறகுதான் அடுத்த வரி. வக்கீல்கள் அறையில் இது பெரிய வேடிக்கை. “எனக்கு ஒரு கோட்டுக்கு அளவெடுப்பாரான்னு கேளு மச்சான்” என்பார்கள். அது அவர் காதுக்கும் போயிருக்கிறது.

டேப் வந்த கதை யாருக்கும் தெரியாது. முதன்முதலாக நீதிபதியாக உட்கார்ந்த ஊரும் கடற்கரைதான். அடிதடி வழக்கு ஒன்று. எவ்வளவு தூரத்தில் பார்த்தாய் என்றதற்கு, சாட்சி “எட்டு பாகம்” என்று கையை விரித்துக் காட்டினார். மரியசெல்வத்துக்கு முப்பத்தோரு வயது. அன்று இன்னும் ஒன்பது வழக்கு பாக்கி. பாகம் என்றால் என்ன, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ‘சுமார் பதினாறு அடி’ என்று சொல்லிவிட்டார். பதினாறு அடியில் முகம் தெரியாமல் போகுமா? ஆரோக்கியராஜ் என்ற ஆளுக்கு ஒரு வருடம் விழுந்தது. மேல்முறையீட்டிலும் அந்தப் பதினாறு அடிதான் பேசியது.

மூன்று வருடம் கழித்து, ஒரு வேலையாகக் கடலூர் வந்தவர் தேவனாம்பட்டினம் கரையில் நடக்கும்போது, ஒருவர் கயிற்றை இரண்டு கையையும் முழுக்க விரித்து இழுத்து இழுத்து விடுவதைப் பார்த்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். “பாகம் போடறேன் சார்” என்றார் அவர். இரண்டு கையும் விரித்த அகலம் ஒரு பாகம், எட்டுப் பாகம் என்றால் நாற்பத்தைந்து அடி. அதற்குள் ஆரோக்கியராஜ் சிறையிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மரியசெல்வம் அவரைத் தேடிப் போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை சொன்னார். சாமியார் மூன்று செபம் சொல்லச் சொன்னார். சொன்னார்.

போன செவ்வாய்க்கிழமை இளவரசு வழக்கு. கரையில் வலைத் தகராறில் ஒருவனைக் கத்தியால் குத்தினான் என்று குற்றச்சாட்டு. விழுந்தால் ஏழு வருடம், பத்து வருடம். இளவரசின் அம்மா செல்லாயி தாழ்வாரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பார்த்த சாட்சி ஒருவர்தான், படகுக்காரர் தேவநாதன். பொழுது சாய்ந்த நேரம், இளவரசு குத்தினதைப் பார்த்தேன் என்றார். எவ்வளவு தூரம் என்றதற்கு, “இருவது பாகம் இருக்குங்கய்யா.”

அரசு வழக்கறிஞர் அருள்முருகன் எழுந்தார். “நாப்பது அடின்னு போட்டுக்கலாங்கய்யா.”

மரியசெல்வம் பேனாவை மூடி வைத்தார்.

“அது உங்க கருத்து. அவரு இருவது பாகம்னாரு. பொன்னுரங்கம், கேஸு கட்டு கட்டுற கயிறு இருந்தா கொண்டாங்க.”

தேவநாதன் கூண்டிலிருந்து இறங்கிக் கையை விரித்து விரித்துக் கயிறு அளந்தார். எண்ணிக்கையை நீதிபதியே சொன்னார். கயிறு கதவைத் தாண்டியது, தாழ்வாரத்தைத் தாண்டியது. செல்லாயி காலை மடக்கி வழிவிட்டாள். பைக் நிறுத்துமிடத்துப் புங்கமரத்தில் போய் முடிந்தது. டேப் போட்டால் நூற்றுப் பதினான்கு அடி.

இரண்டு தரப்பு வக்கீலையும் கேட்டுக்கொண்டு, பொழுது சாயும்வரை வழக்கை நிறுத்தி வைத்தார். ஆறேகாலுக்குப் பொன்னுரங்கமும் இன்னொரு ஊழியரும் மரத்தடியில் போய் நின்றார்கள். யார் யார் என்று, கயிற்றின் இந்த முனையில் நின்ற தேவநாதனை நீதிபதி கேட்டார்.

“ரெண்டு பேரு நிக்கிறாங்க. நடந்தா யாருன்னு சொல்லிடுவேங்கய்யா. நின்னா சொல்ல முடியாது.”

“அன்னிக்கு அவுங்க நடந்தாங்களா பெரியவரே?”

தேவநாதன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “மணல்ல கட்டிப் புரண்டுகிட்டு கெடந்தாங்க.”

“அப்பறம் இளவரசுன்னு எப்படி?”

“மொகம் தெரியலீங்கய்யா. கரையில எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. அத வச்சு நானும் சொல்லிட்டேன்.”

‘இருபது பாகம், அதாவது நூற்றுப் பதினான்கு அடி தூரத்தில் இருந்தேன். முகம் தெரியவில்லை. மற்றவர்கள் சொன்னதை வைத்துச் சொன்னேன்’ என்று தட்டச்சருக்கு நிதானமாகச் சொன்னார் மரியசெல்வம். அதைப் படித்துக்காட்டச் சொல்லி, தேவநாதன் கையெழுத்துப் போடும்வரை காத்திருந்தார். அருள்முருகன் கேட்க வேறு எதுவும் இல்லை என்று உட்கார்ந்தார். தாழ்வாரத்தில் செல்லாயி யாரிடமோ, கேஸு என்னாச்சு, ஐயா என்ன சொன்னாரு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்னும் சொல்லலம்மா, அளந்தாரு என்றார்கள்.

எல்லோரும் போன பிறகு, பூட்டுவதற்குச் சாவியோடு வந்த பொன்னுரங்கம் வாசலிலேயே நின்றுவிட்டார். ஐயா அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தார். சுவரை ஒட்டி நின்று, இரண்டு கையையும் முழுக்க விரித்திருந்தார். வலது கை விரல் தொட்ட இடத்தில் இடது கையை வைத்து, மறுபடி விரித்தார். இரண்டு. மூன்று. ஐந்தாவதில் சுவர் முடிந்துவிட்டது. எட்டுக்கு இன்னும் மூன்று பாக்கி. விரல் நுனி மூலையில் முட்டி நிற்க, விரித்த கையை மடக்காமல் அப்படியே நின்றார்.