இழுத்துப் பார்த்த செடிகள்

என் தம்பிக்குக் கடிகாரம் பழுது பார்க்கும் வேலை. கண்ணில் லென்சைச் செருகிக்கொண்டே உட்கார்ந்திருப்பதால் தெருவில் அவனுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். கடையை மூடினாலும் அவன் பார்வை மாறாது. பால் தண்ணீராக இருந்தால் பால்காரர்மேல் சந்தேகம், கெட்டியாக இருந்தால், “இன்னைக்கு எதைக் கலந்தானோ!” காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

அவன் கூடத்தில் ஒரு மீன்தொட்டி வைத்தான். பிளாஸ்டிக் செடி ஆகாதாம், உயிருள்ளதுதான் வேண்டுமாம். தண்டின் அடியில் கனத்துக்கு ஈயத்தகட்டைச் சுற்றிச் சரளைக்குள் செருகுவான். மறுநாள் காலையிலேயே, வேர் பிடித்ததா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பான். அப்புறம் எங்கே பிடிக்கும்? சாயங்காலம் இரண்டு மூன்று மேலே மிதக்கும்.

“யாரோ கை வைக்கிறாங்கக்கா.”

“நீதான்டா வைக்கிற!” என்றேன். காதில் ஏறினால்தானே!

பழி அவன் மனைவியின் தம்பிமேல் விழுந்தது. பெயிண்டர், வேலை முடிந்து போகிற வழியில் அக்காளைப் பார்க்க வருவான். ஒருநாள் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தவனை என் தம்பி பார்த்துவிட்டான்.

“செடியத் திருடறியா? இனிமே இந்தப் படி ஏறாத!”

பெயிண்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் அக்காள் கண்ணாலேயே அடக்கினாள். அதைப் பார்த்து எனக்கும் லேசாகச் சந்தேகம் தட்டியது. ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனவன் பிறகு வரவே இல்லை. அவளும் என் தம்பியிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

திருடன் போனால் தொட்டி செழிக்க வேண்டுமே? இலை பழுத்து, தண்டு அழுகி, கடைசியில் வெறும் சரளைதான் மிஞ்சியது.

“எதையோ ஊத்திட்டுப் போயிருக்கான். நீயும் வாக்கா, கையும் களவுமாப் பிடிக்கிறேன்” என்று என்னையும் இழுத்துக்கொண்டு பெயிண்டர் வீட்டுக்குப் போனான்.

அங்கே மொட்டைமாடியில் பெயிண்ட் வாளிகள். வாளி நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறையப் பச்சை.

“பாத்தியாக்கா! எல்லாம் என் செடி!”

“உங்க செடி என்னைக்கோ செத்துப்போச்சு மச்சான்” என்றான் பெயிண்டர். “செடி செத்தா தன்மேல சந்தேகப்படுவீங்கன்னு அக்கா அழுதா. இங்க நுனியா வெட்டி நட்டு, வேர் விட்டதும் கொண்டுவந்து உங்க தொட்டியில மாத்திட்டுப் போவேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா.”

பெயிண்டர் நல்ல தண்டுகளாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக் கொடுத்தான். என் தம்பியும் வாங்கிக்கொண்டான், ‘மன்னிச்சுக்கோ’ என்று ஒரு வார்த்தைகூட இல்லாமல். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வழி நெடுகத் திட்டித் தீர்த்தேன்.

வீட்டில் கதவைத் திறந்தவள் பையைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்துகொண்டாள். புருஷனைத் தாண்டிப் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். அங்கே நான் மட்டும்தான் மூச்சுவாங்க நின்றிருந்தேன்.

“செடிய வாங்கிட்டு வரத் தெரியுது. அவனக் கூட்டிட்டு வரத் தெரியலையா?”

தம்பி பையை என் கையில் திணித்தான். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.