ரோஸ் நிறத்தில் ஒரு மழை

எங்கள் பக்கத்தில் பனி ஒரு சின்னத் தொந்தரவு, அவ்வளவுதான். தை மாதக் காலையில் மல்லிகைத் தோட்டத்துக்குள் இறங்கினால் சேலை முழங்கால்வரை நனையும், மொட்டு சிறுக்கும், பூ வரத்து குறையும். காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. மழை என்று யாராவது சொன்னாலோ திண்டுக்கல்லில் நடக்கிற பேச்சு நின்றுவிடும். எங்கே, சிறுமலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எல்லாக் கழுத்தும் திரும்பும்.

இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டுதான் என் அக்கா ஒரு குளிர்காலப் புயலோடு மல்லுக்கு நின்றாள்.

அக்காவின் மகள் அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறாள். நிறைமாதம். ஆஸ்பத்திரி அடுத்த ஊரில், மலைச்சரிவில் வளைந்து வளைந்து போகும் சாலையின் முடிவில். அதற்கு எதிரிலேயே அவளுடைய சிநேகிதி வீடு இருந்தது. புயலுக்கு முன்பே அங்கே போய்விடுவதா, பொறுத்திருந்து போவதா? இங்கே சாயங்காலம், அங்கே காலை. சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில், அக்கா வீட்டு அடுப்படியில், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

ஸ்னோ விழ ஆரம்பித்துவிட்டது என்றாள் மகள். அந்தப் பனியில் போகவே கூடாது என்று அக்கா பதறினாள்.

"மத்தியானம் மழையா மாறிரும்னு போட்டிருக்கும்மா."

அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. "மழைதானா? அப்பறம் என்ன தாயி. செத்த பொறுத்துக் கெளம்புங்க. பனிய அதுவே கழுவி விட்டுரும்."

"நானும் அதைத்தானுங்க அத்தை சொல்றேன்" என்று பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல். அவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். அமெரிக்காவில் இருவருக்கும் அதுதான் முதல் குளிர்காலம்.

நான் என் போனில் அந்த ஊரின் வானிலைப் படத்தைத் திறந்திருந்தேன். மேலே நீலம், பனி. கீழே பச்சை, மழை. இரண்டுக்கும் நடுவே ஒரு ரோஸ் பட்டை நெளிந்து வந்து, மத்தியானத்தில் அவர்கள் சாலையின்மேல் படுத்தது. அடியில் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உயரத்தில் வெதுவெதுப்பான காற்று நுழையும். பனி அதில் உருகி மழையாகும். தரை உறைந்தே கிடக்கும். பட்ட இடத்தில் மழை கண்ணாடியாகும். பனியில் மெதுவாகப் போய்விடலாம், இதில் சக்கரம் நிற்காது.

இன்னும் விழாத துளி என்னவாகக் கிளம்பும், எங்கே உருகும், எந்த வளைவில் மறுபடி இறுகும் என்று, முகம் தெரியாத யாரோ அதற்கு நிறம் பூசி வைத்திருக்கிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"மழைக்கு முன்னால கெளம்பச் சொல்லுக்கா."

"கிறுக்காடா ஒனக்கு? பனியில போங்கிற, மழையில வேண்டாங்கிற."

அந்த மழைக்கு அவளிடம் சொல் இல்லை. என்னிடமும் இல்லை. ஃப்ரீசரிலிருந்து அலுமினிய ஐஸ் தட்டை எடுத்துக் கவிழ்த்து அவள்முன் வைத்தேன். பூவுக்குத் தெளிக்கிற மாதிரி தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே தெளித்தாள். துளிகள் வழிந்து ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே வெளுத்து இறுகின. அவள் விரலால் தடவினாள். விரல் சர்ரென்று வழுக்கிப் போனது.

"ரோடு பூரா இப்பிடியா?"

தலையாட்டினேன். அவள் போனை வாயருகே கொண்டுபோனாள்.

"தாயி, இப்பவே கெளம்பு. அது நம்ம மழை இல்ல."

போனார்கள். பனிக்குள் ஊர்ந்து ஊர்ந்து சிநேகிதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வரும்வரை அக்கா அந்தத் தட்டைக் கழுவவில்லை. அது உருகுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்தபோது தோட்டத்தில் இருந்தோம். நாங்கள் தூங்கிய நேரத்தில் மகளுக்கு வலி கண்டிருக்கிறது. ஒரு தெருவைக் கடக்க, முன்னால் ஒருவர் ஐஸ் இளக உப்பைத் தூவித் தூவிப் போக, இருவர் பிடித்துக்கொண்டு நடத்தியிருக்கிறார்கள். குழந்தை இன்னும் பிறக்கவில்லை. ஆனால் அவள் ஆஸ்பத்திரிக்குள் இருந்தாள்.

மாப்பிள்ளை அனுப்பிய வீடியோவில் ஒவ்வொரு சுள்ளியும் ஒரு கண்ணாடிக் குழலுக்குள் இருந்தது. தெருவிளக்கு பட்டு மரம் முழுக்க எரிந்தது. வந்த சாலையை அடைத்துவிட்டார்களாம். அக்கா போனைக் காதில் வைத்தாள். காற்றில் கிளைகள் வளையல்போல் கிணுகிணுத்தன. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு குனிந்து, ஒரு மொட்டின்மேல் நின்ற பனித்துளியைத் தொட்டாள். அது உடைந்து, அவள் விரல் வழியே மணிக்கட்டுக்கு இறங்கியது.

"ஓடுது பாரு" என்றாள்.