சதுப்பில் போட்ட சாம்பல்

நாங்கள் குடியிருந்த ரூஜ் பகுதியிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில், வாய்க்கால் வெட்டிச் சதுப்பு நிலத்தை வடியவிட்டு ஸ்புரூஸ் மரங்கள் நட்டிருந்தோம். ஒரு கோடையில் ஊசியிலைகள் மஞ்சளடித்தன. பொட்டாஷ் சத்துக் காணாது என்று என் கணவர், ஊர்ப் பழக்கத்தில், பாபிகியூ அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து ஒரு மரத்தடியில் கொட்டினார்.

“ஆறிட்டுதோ?” என்று கேட்டேன்.

“ஓமப்பா, நேத்தையான் சாம்பல்.”

பின்னேரம் அந்த மரத்தடி புகைந்தது. தீயைக் காணவில்லை. அவர் போய் மிதித்தார்.

“உங்களுக்கென்ன விசரோ? காலை எடுங்கோ! உது மண்ணில்லை, விறகு!” என்று கத்தினேன்.

பாசி மக்கிச் சேர்ந்த நிலம் அது. காய்ந்தால் அடியிலேயே எரிந்து பரவும். நாங்களே வெட்டிய வாய்க்காலில் மிச்சமிருந்த தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினோம். புகை நின்றது.

“பாத்தீரே, அணைஞ்சிட்டுது” என்று அவர் நிமிர்ந்தார்.

அவருடைய முதுகுக்குப் பின்னால், சாம்பலே போடாத வரிசையில் புகை எழுந்தது.