தும்பிக்கை வராத ஆனை

அச்சில் ஊற்றிப் பிள்ளைகளுக்கு இனிப்புச் செய்கிற தொழிலில் அடுப்புச் சூட்டைத் தாங்கிவிடலாம், அச்சு விற்கிறவன் வாயைத் தாங்க முடியாது. கொழும்பில் எனக்கு ஆனை அச்சு விற்றவரே, உங்களைத்தான் சொல்கிறேன். என் கையிலிருந்த ஒரே நிலையான ஓடருக்கு உலை வைத்தது நீங்கள்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் புள்ளக் காம்பராவில், அதாவது தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விடுகிற இடத்தில், மாதாமாதம் நடக்கும் பிறந்தநாளுக்கு இனிப்பு நான்தான். என்னைப் போல அடுப்பை நம்பிப் பிழைக்கிறவர்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

பேரம்

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மலைமேல் ராகலையில் கடை போட்டவள் நான். பேரத்தில் என்னை யாரும் அசைத்ததில்லை. அன்றைக்கும் மூன்று தரம் எழும்பிப் போகிற மாதிரி நடித்து, பாதி விலைக்கு முடித்தேன். அந்த ஆள் அழாத குறையாகப் பொதி கட்டிக்கொண்டே சொன்னார்: "உங்க பேரப்புள்ளைங்க காலத்துக்கும் உழைக்கும்க்கா, கண்ண மூடிட்டுக் கொண்டு போங்க."

கண்ணை மூடியதுதான் பிழை.

தேமல்

சைனா கிராஸ், அதுதான் கடற்பாசி, சிவப்புச் சாயம் போட்டுக் காய்ச்சி அந்த அச்சில் ஊற்றினேன். எங்கள் குளிருக்கு ஃப்ரிஜ் எதற்கு, ஜன்னலோரம் வைத்தாலே இறுகிவிடும். தட்டினால் உடம்பு வந்தது, குட்டைத் தந்தம் இரண்டும் வந்தது, தும்பிக்கை மட்டும் அச்சுக்குள்ளேயே அறுந்து நின்றது. போன் போட்டேன். "தேங்காயெண்ணெய் தடவுங்கக்கா" என்றார் மகாராசா.

ராகலையில் தை மாதத்துத் தேங்காயெண்ணெய் எப்படி இருக்கும் தெரியுமா? போத்தலைக் கவிழ்த்தாலும் விழாது, மெழுகு மாதிரி வெள்ளையாய் உறைந்து கிடக்கும். அதை உருக்கித் தடவினேன். விடிந்து பார்த்தால் சிவப்பு ஆனை முழுக்க வெள்ளைத் திட்டு. தும்பிக்கையும் வரவில்லை. கடைக்கு வந்த சின்னப் பெண் ஒன்று தாயின் பின்னால் ஒளிந்துகொண்டது: "வேணாம்மா, அதுக்குத் தேமல், நமக்கும் ஒட்டிக்கும்."

தீர்ப்பு

வேறு எண்ணெய் தடவியும் பார்த்தேன், தும்பிக்கை வந்தபாடில்லை. வாடைக்குப் பிள்ளைகள் மூக்கைச் சுளித்தார்கள். மறுபடி போன். இந்த முறை நான் பேசியதை இங்கே எழுத முடியாது, பக்கத்துக் கடைக்காரர் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார். எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுவிட்டு அந்த ஆள் சொன்னார்: "அச்சுல பிழை இல்லக்கா, உங்க ஊருலதான் பிழை."

கரடி

பிறந்தநாள் வந்துவிட்டது. காம்பராவில் இருக்கும் நாலு வயசு கவின் ஆனைதான் வேண்டும் என்று ஒரு வாரமாக அடம். நான் என்ன செய்ய? அறுந்த மூக்கையெல்லாம் கத்தியால் வழித்து மட்டமாக்கி, தட்டோடு கொண்டுபோய், "ஆனை காட்டுக்குப் போயிருச்சு சாமி, கரடி வந்திருக்கு" என்றேன். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த கவின், "கரடிக்கு எதுக்கு தந்தம்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பத் தட்டிலேயே வைத்தான். அவன் வைத்ததும் மற்றதுகளும் வைத்துவிட்டன.

புள்ளக் காம்பரா ஆயா தட்டை என் கையிலேயே கொடுத்தாள். "வெள்ளிக்கெழம இன்னொருக்கா கொண்டாங்க. அன்னைக்கும் மூக்கில்லாட்டி, இனி மாசாமாசம் டவுன் கேக்குதான்."

அச்சுக்காரரே, வெயில் ஊரில் உட்கார்ந்துகொண்டு குளிர் ஊருக்கு யோசனை சொல்லும் உங்களைத் தவிர எனக்கு இந்தத் தொழிலில் வேறு குறை இல்லை, ஆகவே தும்பிக்கை முழுசாக வருகிற அச்சு ஒன்றை, நீங்களே ஊற்றித் தட்டிப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமைக்குள் மரியாதையாக ராகலை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.