அடைப்புக்குறிக்குள் இயந்திரக் குரல்

என் அத்தைக்கு நாற்பத்து நான்கு வயது. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் பத்தொன்பது வருடமாக வேலை. ரெக்சினையும் நுரைப்பஞ்சையும் சேர்த்துத் தைக்கும் பெரிய மெஷின் அவளுடையது. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் முதலாளியே பதறுவார். ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய காது இரண்டையும் கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்பே பேச்சு வந்திருந்ததால் பேச்சு மட்டும் தங்கியது. ஆகவே அத்தை பேசுவாள். நாம் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். குரல் கொஞ்சம் உரக்க இருக்கும். நாங்கள் தினமும் சண்டை போடுவதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேலை கிடைத்து வந்த நாளிலிருந்து மூன்று வருடமாக நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை நான் சொல்லாவிட்டாலும் அத்தை சொல்லிவிடுவாள், எரிவாயு உருளை கொண்டுவருபவரிடம்கூட.

அத்தைக்கு ஒரே ஒரு படம் உயிர். நிலவில் சுரங்கம் தோண்டப் போன இயந்திரங்கள் முரண்டு பிடிக்கும் கதை. அதில் ஏழாம் எண் என்று ஓர் இயந்திரம் வரும். முகம் கிடையாது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஓர் இரும்புத் தகடு. பேசும்போது ஒவ்வொரு அசைக்கும் நெஞ்சில் ஒரு நீல விளக்கு மினுக்கும். உதடே இல்லாத ஒன்றின் மேல் அத்தைக்கு இத்தனை பிரியம் வந்ததற்குக் காரணம், முதல் பாகத்தின் டிஸ்கில் காது கேளாதவர்களுக்கென்று திரையின் அடியில் போட்டிருந்த வரிகள். அவ்வளவு நேர்மையான வேலை. ஏழாம் எண் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எழுத்தில் வந்தது. 'தொலைவில் கதவு உரசும் ஒலி' என்பதுகூட வந்தது. "கதவு உரசினா சத்தம் வரும்கிறதே எனக்கு மறந்துபோச்சுடா" என்றாள் ஒருமுறை. அந்தப் படத்தைப் பதினேழு தடவை பார்த்தாள்.

முதல் பாகத்தின் முடிவில் ஏழாம் எண் கதாநாயகியைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் பள்ளத்தில் விழுந்துவிடும். ஏன் காட்டிக்கொடுத்தது? பதில் இரண்டாம் பாகத்தில். இரண்டாம் பாகம் திரையரங்குக்கு வந்தபோது ஊரே பார்த்தது. திரையரங்கில் வரிகள் கிடையாது. அத்தை ஐந்து மாதம் காத்திருந்தாள். பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டு மிரட்டி வைத்தாள்: "எவனாவது கதையைச் சொன்னீங்கன்னா ரெக்சின் ஊசியால வாயைத் தைச்சுடுவேன்." அவள் கேட்டு அறிய வழியில்லை என்பதால் அவர்கள் அவள் பக்கத்திலேயே நின்று கதையைப் பேசினார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தைத்தாள். அவளுக்காக நானும் படத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

டிஸ்க் வெளிவந்த அன்று அத்தை அரைநாள் விடுப்பு எடுத்தாள். அட்டையின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் இருந்தது: 'காது கேளாதோருக்கான முழுமையான வரிகளுடன். திரையரங்கில் இடம்பெறாத ஆறு காட்சிகளுடன்.'

மூன்று மணிக்கு நான் வேலையிலிருந்து வந்தபோது படம் பாதி ஓடியிருந்தது. அத்தை தரையில் சம்மணமிட்டு, கண் இமைக்காமல் இருந்தாள். திரையில் ஏழாம் எண் கதாநாயகியிடம் ஏதோ சொன்னது. அவளுடைய சமையலைப் பற்றி ஒரு கிண்டல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அத்தை சட்டென்று திரும்பினாள். "எதுக்குடா சிரிச்ச?"

"ஒண்ணுமில்ல அத்தை, அது ஒரு ஜோக் சொல்லிச்சு."

"எது?"

"ஏழாம் எண்தான்."

அவள் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். நின்ற திரையின் அடியில் வரி இருந்தது. அடைப்புக்குறிக்குள் இரண்டே சொற்கள்: இயந்திரக் குரல்.

"அது பேசறது உனக்குப் புரியுதா?"

"புரியுதே. நம்ம பேச்சுதானே பேசுது."

அத்தையின் முகத்தில் அப்போது வந்ததை நான் பார்த்தேன். பின்பு அவளே சொன்னாள். இந்தப் பாகத்தில் ஏழாம் எண் பேச்சை மறந்துவிட்டது, ஏதோ இரும்புப் பாஷை பேசுகிறது, அது கதாநாயகிக்கு மட்டும் புரிகிறது, மற்ற யாருக்குமே புரியாது, அதுதான் இந்தப் படத்தின் அழகு என்று முக்கால் மணி நேரமாக நம்பிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் என்னை மாதிரியே புரியாமத்தான் பாத்திருக்காங்கன்னு நெனச்சேன்டா. எவ்ளோ நல்லா யோசிச்சு எடுத்திருக்கான்னு பாராட்டிட்டு இருந்தேன்."

படத்தை முதலிலிருந்து ஓட்டினோம். ஏழாம் எண் பேசிய இடமெல்லாம் இயந்திரக் குரல், இயந்திரக் குரல், இயந்திரக் குரல். காட்டிக்கொடுத்த காரணத்தை அது நான்கு நிமிடம் சொல்கிறது. நான்கு நிமிடத்துக்கும் அதே இரண்டு சொற்கள் அசையாமல் நின்றன.

மறுநாள் டிஸ்க் வாங்கிய கடைக்குப் போனோம். கடைக்காரர் டிஸ்கைப் போட்டுப் பார்த்தார். "நல்லாத்தானேம்மா ஓடுது? கீறல்கூட இல்ல."

"ஓடுதான்னு கேக்கல. எழுத்து வரலை."

"எழுத்து வருதே, பாருங்க!"

"நாய் குரைக்குதுன்னு போட்டா போதுமா? நாய் பேசினா?"

"நாய் எங்கம்மா பேசுது இந்தப் படத்துல?"

அத்தை என்னைப் பார்த்தாள். "வாடா, கம்பெனிக்கே போவோம்."

கம்பெனி அலுவலகம் நான்காவது மாடி. வரவேற்பறைச் சுவரில் பெரிய டிவியில் அதே படம். மேலாளர் எங்களுக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், அத்தை சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லாத்தானே பேசறாங்க? காது கேக்காதுங்கறீங்க?" என்றார்.

"என்கிட்ட சொல்லுங்க சார்" என்றாள் அத்தை. "முகத்தைத் திருப்பாம சொல்லுங்க."

அவர் திரும்பினார். ஒவ்வொரு சொல்லாக இழுத்து, குழந்தைக்குச் சொல்வதைப் போல வாயைக் கோணிக்கொண்டு சொன்னதில் அத்தைக்கு உதடே பிடிபடவில்லை. நான்தான் மறுபடி சொன்னேன். விஷயம் இதுதான்: அந்த இயந்திரத்தின் குரலைச் சேர்த்தவர்கள் வசனப் பிரிவினர் அல்ல, ஒலிப் பிரிவினர். ஆகவே அது வெடிச்சத்தம், இரும்பு உரசும் சத்தம் இவற்றோடு ஒரே பட்டியலில் போய்விட்டது. வரிகள் எழுதியவருக்குக் கிடைத்தது அந்தப் பட்டியல். சத்தம் என்றால் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும், போட்டார். எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள்.

"எழுதினவர் காதுல வாங்கலையா?" என்று கேட்டாள் அத்தை. "அவருக்காவது கேக்கும்ல?"

"அவருக்கு அன்னைக்கே வேற நாலு படம் இருந்திருக்கும்மா. அதுவுமில்லாம அந்த மெஷின் பேசறது புரியலைன்னா கதை ஒண்ணும் கெட்டுப்போகாது. சண்டைப் படம்தானே? பாத்தாலே தெரியும்."

"பாத்தாலே தெரியுமா?"

"தெரியும்மா."

அத்தை எழுந்து மேசைமேல் இருந்த ரிமோட்டை எடுத்தாள். டிவியின் சத்தத்தை முற்றாக நிறுத்தினாள். டிஸ்கின் காட்சிப் பட்டியலைப் புரட்டி, திரையரங்கில் வராத ஆறு காட்சிகளில் மூன்றாவதை ஓடவிட்டாள். ஏழாம் எண் கதாநாயகியின் எதிரில் நின்று, கையை ஓங்கியபடி நீல விளக்கை மினுக்குகிறது.

"என்ன சொல்லுது?"

மேலாளர் சிரித்தார். "மிரட்டுது. கையைப் பாத்தாலே தெரியலையா?"

"கடைசி வரைக்கும் பாத்துட்டுச் சொல்லுங்க."

காட்சி முடிந்தது. "கொல்லப்போறேன்னு சொல்லுது" என்றார். கை தானாக ரிமோட்டுக்கு நீண்டது. அத்தை அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மன்னிப்புக் கேக்குது சார். இவன்தான் சொன்னான். கை கீல்ல மாட்டிக்கிச்சு, இறக்க முடியலை, தப்பா நெனச்சுக்காதேன்னு கெஞ்சுது. உங்களுக்கு ரெண்டு நிமிஷம் காதை எடுத்ததுக்கே கெஞ்சறவன் கொலைகாரனாயிட்டான்."

அறையில் இருந்த வேறு இரண்டு பேர் குனிந்து ஏதோ தட்டச்சு செய்தார்கள். மேலாளர் முகம் சிவந்து, நிச்சயம் கவனிக்கிறோம், இரண்டு வாரத்தில் சரிசெய்கிறோம் என்றார். நான் கையோடு கொண்டுபோயிருந்த மூன்று பக்கக் கடிதத்தைக் கொடுத்தேன். இலக்கணப்பிழை ஒன்றுகூட இருக்காது. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் சரிசெய்துதான் விட்டார்கள்.

கடைக்காரரே கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தீங்களா, உங்க பிரச்சனையைத் தீத்துட்டாங்க." அலமாரியில் அதே டிஸ்க், அதே அட்டை. பின்பக்கம் 'காது கேளாதோருக்கான முழுமையான வரிகளுடன்' என்ற வரியின் மேல் வெள்ளி நிறத்தில் நீளமாக ஒரு ஸ்டிக்கர். வரிகளைத் திருத்தவில்லை. வாக்குறுதியை மூடிவிட்டார்கள்! ஆயிரக்கணக்கான அட்டைகளில் ஒவ்வொன்றாக ஸ்டிக்கர் ஒட்ட ஆள் இருக்கிறது. ஓர் இயந்திரம் பேசுவதைக் கேட்டு எழுத ஓர் ஆள் இல்லை. நான் கத்த ஆரம்பிப்பதற்குள் அத்தை அலமாரியின் முன் நின்று, நகத்தால் ஒரு ஸ்டிக்கரின் முனையை நெம்பி, ஒரே இழுப்பில் உரித்தாள். பிறகு அடுத்தது.

"என்னம்மா பண்றீங்க! என் சரக்கும்மா அது!"

"உங்க சரக்கைத் தொடலைங்க. அவங்க எழுதிக் கொடுத்ததை எல்லாரும் படிக்கட்டும்."

அலமாரியில் இருந்த பதினொன்றையும் உரித்துவிட்டுத்தான் வந்தாள். கடைக்காரர் தடுக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டாவதை எங்கேயோ உள்ளேயிருந்து எடுத்துவந்து அவரே நீட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழாம் எண் பேசுவதை நான் கேட்டு எழுத, அத்தை படிப்பதாக ஏற்பாடு. ஒரு மணி நேரத்தில் நிறைய முடித்துவிட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. அத்தை தாளை வாங்கினாள், டிவியில் காரணம் சொல்லும் காட்சியின் முதல் வசனத்தை ஓடவிட்டாள், விரலைத் தொடையில் தட்டிக்கொண்டே பார்த்தாள்.

"இதை வாய்விட்டுப் படி."

"உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன்."

"இங்க விளக்கு முப்பத்தொரு தடவை மினுக்குது. நீ படிச்சது அதுல பாதிகூட வரலை. மிச்சம் எங்க?"

இத்தனை வருடம் தையல் எண்ணிய பெண். "அத்தை, சாராம்சம் அதுதான். மிச்சமெல்லாம் சும்மா வளவளன்னு..."

"எனக்கு அந்த வளவளா வேணும்டா."

குரல் இன்னும் உயர்ந்தது. "எனக்கு எல்லாருமே சாராம்சம்தான் சொல்றீங்க. என் கல்யாணப் பேச்சு என் எதிர்லயே ரெண்டு மணி நேரம் நடந்துச்சு. என்னண்ணா பேசினாங்கன்னு உங்கப்பனைக் கேட்டேன். 'ஒத்துவரலை'ன்னான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை! எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி எல்லாரையும் பக்கத்துல உக்கார வெச்சுப் பேசினாரு. மீசை உதட்டை மறைச்சுக்கிச்சு. நடுவுல என் பக்கம் கையைக் காட்டினாரு, எல்லாரும் என்னைப் பாத்தாங்க. என்ன சொன்னாருன்னு கேட்டா, 'பத்திரமா இருக்கச் சொன்னாரு'. அவ்ளோதானா? அவ்ளோ நேரத்துக்கு அவ்ளோதானா? அப்புறம் சொல்றோம், அப்புறம் சொல்றோம்னு முப்பத்தஞ்சு வருஷமாச்சு. இப்ப படிச்சவன் நீ வந்து உக்காந்து அதையேதான் பண்றே."

கம்பெனியைத் திட்டி மூன்று பக்கம் எழுதியவன் நான். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஐந்து ஞாயிறு ஆயிற்று. இழுத்தது, தயங்கியது, சொல்ல வந்து பாதியில் விட்டது, ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னது, எல்லாவற்றையும் எழுதினேன். சமையல் கிண்டலையும் எழுதினேன். அத்தை விரலைத் தட்டித் தட்டிச் சரிபார்த்தாள். மொத்தம் நாற்பத்தாறு பக்கம். ஆறாவது ஞாயிறு காலையில் பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் பாகத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை பார்த்தாள். நான் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம்.

முடிந்ததும் உள்ளே போனேன். பக்கங்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருந்துச்சு அத்தை?"

"சுமார்தான்."

"என்னது!"

"முதல் பாகத்தோட கால் தூசிக்கு வராது. அந்த நாலு நிமிஷம் இருக்கே, காரணம் சொல்றேன்னு, ஒரே அறுவை. சொன்னதையே சொல்லுது. அதுவும் கடைசில கதவு தொறந்துதான் கிடக்கு, எதுக்குடா செவுத்தை இடிச்சுக்கிட்டுப் போகுது?"

எனக்கு அழுகை வருவதுபோல இருந்தது. இதற்கா இத்தனை அலைச்சல் என்று கேட்டேவிட்டேன்.

"பின்ன? நல்லாருக்குன்னு பொய் சொல்லச் சொல்றியா? பட்டறையில பாதிப் பேரு அறுவைன்னுதான் சொன்னாங்களாம். நானும் சொல்லணும்ல? பேனாவை எடு."

நாற்பத்தாறு பக்கத்தையும் நகலெடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினோம், உங்கள் படத்தில் விடுபட்ட வசனங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன என்று. அத்தை சொன்னதால் அடியில் ஒரு பத்தி சேர்த்தேன். புகார்க் கடிதத்தில் அதெல்லாம் எழுதக்கூடாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எழுதத்தான் வேண்டும் என்று என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கதவு திறந்திருந்தும் ஏழாம் எண் சுவரை இடித்த காரணம் கேட்டு எழுதிய அந்தப் பத்திக்கும், அதற்கு மேலிருந்த நாற்பத்தாறு பக்கத்துக்கும், இதை எழுதும் நாள்வரை அவர்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை.