பேனாப் பெட்டியில் ஒரு பொட்டலம்

ஆரணியில் தறி ஓடுகிற வீடுகளில் திலகவதி நுழையாத வீடு குறைவு. தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகளுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழை இழையாக முறுக்கிப் பிணைப்பது அவர் தொழில். நாலாயிரத்துச் சொச்சம் இழைகள். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு முறுக்குவார். முடிச்சே கிடையாது, ஆனால் இழுத்தால் பிரியாது.

நான் களம்பூர்க்காரன். நெல்லைப் பற்றிக் கேட்டால் ஏதாவது சொல்வேன், பட்டு நெசவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆரணியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் வாத்தியார். வேதியியல் என்பதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் மானம் போகப்போகிறது.

பள்ளியின் போதை ஒழிப்பு மன்றம், வேறு யாரும் ஏற்காததால் என் தலையில் விழுந்தது. முதல் வருஷம் ஊர்வலம் போனோம், உறுதிமொழி எடுத்தோம். எடுத்த கையோடு நாலு பையன்கள் சுவரோரம் போய் உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலத்தை அடக்கிக்கொண்டார்கள். எனக்கு வெறுத்துப் போயிற்று.

அப்போது நடந்த பெற்றோர் கூட்டத்தில்தான் திலகவதி எழுந்தார். பதினொன்றாம் வகுப்பு ஹேமநாத்தின் அம்மா.

"சார், கூட்டம் போட்டா எத்தினி பேர் வருவாங்க? நா ஒவ்வொரு வூட்லயும் ஒரு நாள் பூரா குந்திகினு இருக்கேன். கைதான் வேல செய்யுது, வாய் சும்மாதான கீது. நா பேசறேன்."

பேசினார். பாவு பிணைக்கப் பிணைக்க அந்த வீட்டு அம்மாக்களிடம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். எங்கள் ஊர்வலம் போகாத அடுப்படி வரைக்கும் விஷயம் போயிற்று. "எம் புள்ள மேல சந்தேகமா கீது சார், யார்கிட்ட காட்டலாம்?" என்று தாய்மார்கள் தாங்களாகவே வந்து கேட்டார்கள். பல பையன்கள் போதை மீட்பு ஆலோசகரிடம் போய்த் தேறினார்கள்.

ஒரு வீடு மட்டும் திலகவதியைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. மூன்று தறி வைத்திருக்கும் சூர்யகலாவின் வீடு. அவர் மகன் அஜித்குமாரும் ஹேமநாத்தும் ஒரே பெஞ்சு. அஜித்குமாரின் வாயைக் கவனிக்கும்படி திலகவதி அவரிடம் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து ஒரு பாவுக்குக்கூட அழைப்பில்லை.

"நல்லது சொல்லப் போயி எனக்கே பேஜாராப் போச்சு சார்" என்றார் ஒரு நாள். வேலை போனதைவிட, அந்த அம்மா முகம் கொடுக்காமல் போவதுதான் அவருக்கு வலித்தது.

வெள்ளிக்கிழமைதோறும் பையன்களின் பைகளைப் பார்ப்பது என்று மன்றத்தில் முடிவானபோது, திலகவதி ஒரு நிபந்தனை போட்டார். "ஊரார் புள்ளைங்க பையைத் தொறக்கறதுக்கு மின்னாடி எம் புள்ள பையைத் தொறங்க."

திறந்தேன். பேனாப் பெட்டிக்குள் நாலாக மடித்த காகிதம். உள்ளே மெல்லிய வெளிர் தூள்.

"என்னடா இது?" என்றேன். அதட்டினேன், கெஞ்சினேன். ஹேமநாத் தலையைக் குனிந்தபடியே நின்றான். பையனின் படிப்பு போகும், ஊருக்கே புத்தி சொன்ன அம்மாவின் பேர் போகும். இனி எந்த வீட்டில் அவரைத் தறிக்கு அருகே உட்கார விடுவார்கள்? திலகவதிக்குப் போன் போட்டு, "ஜல்தியா வாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்தார். ஆய்வுக்கூட மேஜையில் பொட்டலத்தைக் கண்டதும் முகத்தில் ரத்தமே இல்லை. மகனைப் பார்க்கவில்லை. மெதுவாக ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"சாம்பல் சார் இது! வறட்டி சுட்டு, பழம்பட்டுல சலிச்ச சாம்பல். என் டப்பாவுலேர்ந்துதான் எடுத்துக்கினு வந்துகிறான்."

பெற்ற மனம் அப்படித்தானே சொல்லும் என்று எனக்குள் ஒரு சந்தேகம். அவருக்கு அது தெரிந்துவிட்டது. இடுப்புப் பையிலிருந்து இரண்டு பட்டு இழைகளை உருவி மகனிடம் நீட்டினார். "பிணைடா."

ஹேமநாத் சாம்பலைத் தொட்டு ஒரே முறுக்கில் பிணைத்துக் கொடுத்தான். அம்மா இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை. இத்தனை ரசாயனப் புட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு சாம்பலைக் கண்டு நடுங்கியவன் நான்.

"பொம்பளைங்க வேலன்னு என் டப்பாவைக்கூட தொட மாட்டியே. யார் வூட்ல பிணைக்கிற?" ஹேமநாத் கதவுப் பக்கம் பார்த்தான்.

கதவோரம் ஒரு குரல். "எங்க வூட்லதாங்க." அஜித்குமார் நின்றிருந்தான்.

"வாயில வெக்கறத வுட்டு இருவத்தாறு நாளாச்சு சார். சாயந்திரமானா வாய் நமநமங்குது, கால் தானா கடைக்குப் போவுது. அதான் இவன் வந்து எங்கூட குந்திகினு பாவு பிணைப்பான். ரெண்டு கையிலயும் சாம்பல் இருந்தா பொட்டலத்தப் பிரிச்சி வாயில வெக்க முடியாதில்ல? எங்க வூட்ல கேஸ் அடுப்பு, சாம்பல் கெடையாது, அதான் இவன் எடுத்துகினு வரான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு நாந்தான் சத்தியம் வாங்கினேன்."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றார் திலகவதி.

"தெரியும். ஒரு பாவு பிணைக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆவுது. தறி சும்மா நின்னாலும் பரவால்ல, நீ பிணைடான்னு சொல்லிச்சு. உங்க மூஞ்சியப் பார்த்தா அழுதுடுவேன்னு பயந்துகினு அம்மா உங்களக் கூப்புடல."

திலகவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடப்பாவிங்களா, என் பொழப்புல மண்ணப் போட்டது நீங்கதானா!" என்று இருவர் முதுகிலும் ஒவ்வொரு அடி வைத்தார். என்னையும் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பிறகு மேஜையில் சிந்திய தூளைக் காகிதத்தில் சேர்த்து மடித்தார்.

"மூணு தறியும் பிணைச்சாச்சுன்னா அடுத்த பாவு வரைக்கும் இன்னா பண்ணுவே?"

அஜித்குமார் ஹேமநாத்தைப் பார்த்தான். அதை நினைத்துத்தான் அவனும் பயந்துகொண்டிருந்தான் போல.

திலகவதி பொட்டலத்தை அவன் சட்டைப் பையில் வைத்தார். "சாயந்திரமானா நா பிணைக்கிற வூட்டுக்கு வந்துடு. ஊர்ல பாவுக்கா பஞ்சம்?"